மாதிரிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

உக்காரும்மா, உக்காரு. இந்தப் பையை மடியில வெச்சுக்கிறேன். ஆனா அந்தச் சுருட்டலை மேல கம்பியில வைக்காதே, பஸ் கரிவலம் தாண்டுறதுக்குள்ள எவனாவது அது மேல மூட்டையைப் போட்டு நசுக்கிருவான். சார்ட் தானே அது? பி.எட். படிக்கியா? நினைச்சேன். ராத்திரி பூரா ஸ்கெட்ச் பேனாவோட மல்லுக்கட்டின மூஞ்சி அப்படியே தெரியுது. எங்க, கொஞ்சம் விரி பாப்போம்.

ஓஹோ. 'தகவல் தொடர்பு சாதனங்கள்'. ரேடியோ, டிவி, பேப்பர், செல்போன். நாலு மூலையில நாலு படம், நடுவுல ஒரு வட்டம், வட்டத்துலேருந்து நாலு அம்புக்குறி. சுத்தி ஜிகினா வேற. ஏம்மா, ரேடியோப் பெட்டியைப் படமாப் பாத்து ஒரு பிள்ளை என்ன கத்துக்கும்? தப்பா எடுத்துக்காதே, உன்னைச் சொல்லலை. உனக்குச் சொல்லிக் குடுக்கிறவங்களைச் சொல்றேன். அவங்களும் இதே சார்ட்டைத்தான் வரைஞ்சு பாஸ் பண்ணியிருப்பாங்க.

நான் யாருன்னு சொல்லலையே. ஆவுடைச்செல்வி. சங்கரன்கோவில்ல பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்துல சோசியல் டீச்சர். இந்த வருஷத்துலேருந்து ஒம்பதாம் வகுப்புக்கு ஊடகப் பாடமும் நான்தான். இப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போறேன், எங்க மதினிக்குப் புத்தி சொல்ல. எங்க அண்ணன் சம்சாரம் ரெங்கநாயகி. கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுல போய் உக்காந்திருக்கா. பேரன் பேத்தி எடுத்த பொம்பளை! எதுக்குக் கோவம்னு கேட்டா நீ சிரிப்பே. ஃப்ளெக்ஸ்ல அவ பேரைப் போடலையாம். ஒரு பேரு! ஞாயித்துக்கிழமை எங்க அண்ணனோட புதுக்கடை திறப்பு. அவ வராம ஷட்டரைத் தூக்க மாட்டேன்னு அவர் ஒரு பக்கம் முரண்டு பண்றார். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கிடந்து அல்லாடுறேன்.

இதெல்லாம் எங்க ஆரம்பிச்சுதுன்னா, அந்தப் பாழாப்போன ஊடகப் பாடத்துலதான்.

எங்க தாளாளர் மெட்ராஸ்ல ஏதோ கூட்டத்துக்குப் போனார். போனவர் சாப்பிட்டுட்டுச் சும்மா வரலாம்ல? பிள்ளைக செல்போனைப் பாத்துக் கெட்டுப் போகுது, அதனால எதை எப்படிப் பாக்கணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கணும்னு கேட்டுட்டு வந்துட்டார். வாரத்துக்கு ரெண்டு பீரியடு. 'ஆவுடை டீச்சருக்கு சோசியல் பீரியடு கம்மியா இருக்கு'ன்னு ஹெச்.எம். என் தலையில கட்டிட்டாங்க. சரி, புத்தகம் எங்கன்னு கேட்டேன். 'நீங்களே தயார் பண்ணிக்கோங்க டீச்சர், அதுதான் இதுல புதுமை'ன்னாங்க. புத்தகம் இல்லாததுக்குப் பேர் புதுமையாம். நாளைக்குச் சம்பளம் இல்லைன்னாலும் புதுமைன்னு சொல்லுவாங்க போல.

எனக்குத் துணைக்கு ஜெனிட்டான்னு ஒரு பிள்ளையைப் போட்டாங்க. கம்ப்யூட்டர் டீச்சர், நேத்து வந்த பிள்ளை. அது என்ன பண்ணுச்சு தெரியுமா? சோப்பு அட்டை, ஜவுளிக்கடை நோட்டீஸ், ஜோசியக்காரன் கார்டு, எல்லாத்தையும் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லி மேஜையில பரப்பிருச்சு. வகுப்பா குப்பைமேடான்னு கேட்டேன். 'இதுதான் டீச்சர் நம்ம பாடப் பொருள், இதை வெச்சுக்கிட்டு மூணே மூணு கேள்வி கேட்டாப் போதும்'னுச்சு. யார் சொல்றா, யாருக்குச் சொல்றா, எதை விட்டுட்டுச் சொல்றா. இவ்வளவுதான் அதோட பாடத் திட்டம். ஒரு சோப்பு அட்டையை வெச்சுக்கிட்டு ஒரு பீரியடு பூராவும் பேசுது. பிள்ளைகளும் வாயைப் பொளந்து கேக்குதுக, அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் எழுதின பாடக்குறிப்பை நீ பாக்கணும். நோக்கம் சிவப்பு மையில, செயல்பாடு பச்சையில, மதிப்பீடு நீலத்துல. ஊடகம்னா என்ன, அதன் வகைகள் யாவை, ஒவ்வொண்ணுக்கும் நன்மை தீமை. பிள்ளைக மனப்பாடம் பண்ணிக் கடகடன்னு ஒப்பிச்சிரும். ஜெனிட்டாவோட மூணு கேள்வியையும் சேத்துக்கிட்டேன், இல்லைன்னு சொல்லலை. ஆனா திருத்தித்தான் சேத்தேன். 'எதை விட்டுட்டு'ன்னு இருந்ததை 'யாரை விட்டுட்டுச் சொல்றா'ன்னு மாத்தினேன். அதுதானேம்மா சரி? யாரை விட்டாங்கன்னு பாத்தா மத்தது தன்னால தெரிஞ்சுரும்.

இந்தச் சமயத்துல ஹெச்.எம். ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. கல்வி அலுவலகத்துலேருந்து ஒரு அதிகாரி வர்றாராம், ஊடகப் பாடத்துக்கு மாதிரி வகுப்பு எடுக்கணுமாம். பிடிச்சுப்போனா நம்ம பாடக்குறிப்பை மத்த பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவாங்களாம். எனக்கு வீம்பு வந்துருச்சு. ஜெனிட்டாவோட சோப்பு அட்டையெல்லாம் வேண்டாம், நான் ஒண்ணு பண்றேன்னு பாடத்தை எழுதினேன். தலைப்பு: 'சுவரும் ஒரு ஊடகம்'. எப்படி? எங்க ஊர்ல பேப்பர் வாங்காத வீடு எத்தனையோ இருக்கு. ஆனா கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நின்னு படிக்காத ஆள் உண்டா? காலையில பால் வாங்கப் போறவன்கூட யார் போயிட்டா, யார் யார் பேர் போட்டிருக்குன்னு கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுத்தான் நகருவான். அதுதான் எங்க ஊர் பேப்பர்.

'அப்ப ஒரு போஸ்டரைக் கிழிச்சுட்டு வந்துருவோம் டீச்சர்'னுச்சு ஜெனிட்டா. அடச்சீன்னு சொல்லிட்டேன். செத்தவங்க வீட்டுக்காரங்க அழுதுக்கிட்டே ஒட்டினது, அதைக் கிழிக்கக் கை வருமா? நாமளே மாதிரிக்கு ஒண்ணு அடிச்சிருவோம்னேன். அதுக்கு ஒரு போட்டோ வேணும். எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். 'கல்லு மாதிரி இருக்கேன், என்னை எதுக்குளா சாகடிக்கே'ன்னு கத்தினார். பயந்தாங்கொள்ளி. பீரோவைக் குடைஞ்சேன். எங்க அண்ணன் போட்டோதான் கையில வந்துச்சு. சும்மா, மேலாக இருந்தது அதுதான். புடவைக்கு அடியில, தகரப் பெட்டிக்குள்ள, ஒரு கவர்ல இருந்துச்சு.

எங்க அண்ணனைப் பத்திச் சொல்லணும். கோமதிநாயகம்னு பேர். ராஜபாளையத்துல மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வெச்சிருக்கார். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்க அம்மா தவறினதுலேருந்து கிடையாது. அம்மா அவர்கூடத்தான் இருந்தா. செய்தி கேட்டு நான் அழுதுக்கிட்டே ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல இறங்குறேன், எதுத்த சுவத்துல அம்மா போஸ்டர். மகன் கோமதிநாயகம். மருமகள் ரெங்கநாயகி. பேரன்மார். வைண்டிங் கடைத் தொழிலாளர்கள். அதுக்குக் கீழ, 'மற்றும் ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள்'. ஆட்டோ ஸ்டாண்டு! பெத்த மக பேர் இல்லை. திருப்பித் திருப்பிப் பாத்தேன், அடுத்த தெருவுல ஒட்டியிருந்ததையும் போய்ப் பாத்தேன். எங்கயும் இல்லை. எனக்கு அழுகை அப்படியே நின்னுபோச்சு. எங்க அம்மாவுக்கு நான் பொறக்கவே இல்லைங்கிற மாதிரி ஆயிருச்சு. பதினாறாம் நாள் காரியம் முடியுற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, அப்புறம் அந்த வாசலை நான் மிதிக்கலை. நல்லது கெட்டது எதுக்கும் போகலை. கோவமெல்லாம் இல்லைம்மா. நான் கோவக்காரி கிடையாது. அது ஒரு கொள்கை.

சரி, போஸ்டருக்கு வர்றேன். வாசகம் நானே எழுதினேன். மாதிரிக்குத்தானே, அதனால நாலு வரி. 'தான் படிக்காமல் என்னைப் படிக்க வைத்த என் அண்ணன். கொட்டும் மழையில் சைக்கிள் மிதித்து என்னைப் பரீட்சைக்குக் கொண்டு சேர்த்தவர். சாக்கை எனக்குப் போர்த்திவிட்டு அவர் நனைந்தார்.' கீழ, 'ஒரே தங்கை ஆவுடைச்செல்வி, எம்.ஏ., பி.எட்.' அவ்வளவுதான். வேற யார் பேரும் போடலை. கடைசி பெஞ்சு வரைக்கும் எழுத்து தெரியணும்ல? எல்லாப் பேரையும் போட்டா எழுத்து சின்னதாயிரும். கற்பித்தல் உபகரணத்துக்கு அதுதானே முதல் விதி. உங்களுக்கும் அதைத்தானே சொல்லிக் குடுக்காங்க? மறைவு தேதிக்கு மாதிரி வகுப்பு நடக்கிற தேதியைப் போட்டேன். பாடக்குறிப்பும் போஸ்டரும் ஒத்துப்போகணும்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அடிக்கக் குடுத்தேன். பிரஸ்காரர் சுடலைமுத்து தேதியைக் கவனிக்கலை, வாசகத்தை வாசிச்சுப் பாத்துட்டு மூக்கை உறிஞ்சினார். 'டீச்சர், மனசைத் தேத்திக்கோங்க'ன்னார். நான் புதுப்பாடம் தலையில விழுந்ததைச் சொல்றாராக்கும்னு நினைச்சுக்கிட்டேன். 'என்ன பண்றது, தாங்கித்தானே ஆகணும், மேல இருக்கிறவங்க முடிவு பண்ணிட்டாங்க'ன்னேன். ஒண்ணு போதும்னு சொன்னேன், ஸ்கூலுக்கு வேணும்னும் சொன்னேன். 'ஒண்ணை ஸ்கூலுக்குக் குடுத்து விட்டுர்றேன் டீச்சர், மத்ததை நம்ம ஆளுக பாத்துக்குவாங்க, நீங்க எதுக்கும் அலையாதீங்க'ன்னார். எங்க ஊர்ல கண்ணீர் அஞ்சலி அடிக்கக் குடுத்தா, பசை காய்ச்சி விடியுமுன்ன ஒட்டி முடிக்கிறது வரைக்கும் பிரஸ்காரங்க பொறுப்புத்தான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ஒரு டீச்சர் வந்து அடிச்சா அது பாடத்துக்குன்னு அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா?

காலையில கதவைத் தட்டுறாங்க. திறந்தா வாசல்ல தெருவே நிக்குது. பக்கத்து வீட்டுக்காரி காப்பித் தூக்கோட வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. எதுத்த வீட்டுக்காரர் பிளாஸ்டிக் சேர் போட்டுக்கிட்டிருக்கார். சங்கு ஊதுறவர் வந்து திண்டாடி நிக்கார், 'பாடி இங்க வருமா, நாங்க அங்க போகணுமா'ன்னு. எங்க வீட்டுக்காரர் வாயில பிரஷ்ஷோட வெளிய வந்து, விஷயம் கேட்டு, அப்படியே படியில உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டார். இந்த மனுஷன்கிட்டதான் முந்தின வாரம் நான் போட்டோ கேட்டேன்!

நான் கத்துறேன். 'யாரும் சாகலை, அது பாடத்துக்கு அடிச்சது, நான்தான் எழுதினேன்'னு. ஒருத்தராவது காதுல வாங்கணுமே! 'பாவம், டீச்சருக்குப் புத்தி பேதலிச்சுட்டு, ஒரே அண்ணன்லா'ங்காங்க. தண்ணி தெளிக்காங்க. சுவத்துல ஒட்டினதை நம்புறாங்க, எழுதினவ எதிர நின்னு சொல்றதை நம்பலை. யார் சொல்றா, யாருக்குச் சொல்றான்னு ஒருத்தனும் கேக்கலை. இந்த ஜனத்துக்குத்தான் நாம பாடம் எடுக்கணும்.

அதுக்குள்ள எவனோ அந்தப் போஸ்டரைப் போட்டோ பிடிச்சு ராஜபாளையத்துக்கு அனுப்பிட்டான். அங்க எங்க அண்ணன் கடையைத் திறந்து முக்காலியில உக்காந்து காயில் சுத்திக்கிட்டிருக்கார். நாலு பேர் பெரிய மாலையோட வந்து நின்னு திருதிருன்னு முழிக்கானுக. 'யாருக்குடே மாலை?'ன்னு கேட்டிருக்கார். 'உங்களுக்குத்தான் அண்ணாச்சி'ன்னிருக்கானுக. வாங்கி வெச்சுக்கிட்டாராம். வாங்கிட்டு வந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதுல்ல.

அப்புறம் மதினி எனக்கு போன் பண்ணுனா. அத்தனை வருஷம் கழிச்சு அந்தக் குரலைக் கேக்கேன். புருஷன் உயிரோட இருக்கும்போது இப்படி அடிச்சுட்டியேன்னு திட்டுவான்னு நானும் தயாராத்தான் இருந்தேன். அவ என்ன கேட்டா தெரியுமா? 'அவரைக் கொன்னதுகூடப் போகட்டும்ளா, பாடத்துக்குன்னு சொல்றே. கட்டின பொண்டாட்டி நான் இருக்கேன், ரெண்டு மகன் இருக்கான், மருமகளுக இருக்காளுக. எங்க பேரைக் காணோமே! அவரு அனாதையா? உன் பேரை மட்டும் அம்மாம் பெருசாப் போட்டிருக்கியே, உனக்கு நெஞ்சு எவ்வளவு அழுத்தம்!' அப்படிங்கா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. சாகாத மனுஷனுக்குப் போஸ்டர், அதுல தன் பேர் இல்லைன்னு ஒருத்தி சண்டைக்கு நிக்கா. என்ன ஜென்மங்களோ!

நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன். போகாம? மாதிரி வகுப்பாச்சே. 'துக்கத்தோட எதுக்கு வந்தீங்க'ன்னு ஹெச்.எம். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கும் விளக்கிச் சொல்லி, போஸ்டரைக் கரும்பலகையில ஒட்டி, வகுப்பை ஆரம்பிச்சேன். அதிகாரி கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கார். பக்கத்துல ஜெனிட்டா. பிள்ளைககிட்ட முதல் கேள்வி கேட்டேன், யார் சொல்றா? ஒரே தங்கை, டீச்சர். யாருக்குச் சொல்றா? ஊருக்கு, டீச்சர். ரொம்ப நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு. மூணாவது, யாரை விட்டுட்டுச் சொல்றா? இந்துஜான்னு ஒரு பிள்ளை, வாய் ஜாஸ்தி, எந்திரிச்சுது. 'அவரோட வீட்டம்மா பேரும் பிள்ளைக பேரும் இல்லை டீச்சர். எழுதினவங்களுக்கு அவங்க மேல கோவம்போல. ஆனா செத்தவர் மேல இல்லை டீச்சர். மத்த போஸ்டர்ல எல்லாம் பாசமிகு, பாசமிகுன்னுதான் போட்டிருக்கும். சாக்கைப் போர்த்தினதெல்லாம் யாரும் போட மாட்டாங்க.' அப்படின்னுச்சு.

'உக்காருட்டி'ன்னேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்னு இந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. எல்லாம் ஜெனிட்டா குடுக்கிற இடம். அது பின்னால உக்காந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்குது.

அப்பத்தான் முன் பெஞ்சுப் பிள்ளைக வீல்னு கத்துச்சுக. வாசல்ல எங்க அண்ணன். கடைச் சட்டையோட, கையெல்லாம் வார்னிஷ் வாடையோட, கவர்ல சுத்தின மாலையைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கார். ரெண்டு பிள்ளைக பெஞ்சுக்கு அடியில போயிருச்சு. ஒண்ணு ஜன்னல் கம்பியில ஏறிருச்சு. எங்க அண்ணன் யாரையும் பாக்கலை. நேரா கரும்பலகைக்கிட்ட வந்தார். அவர் அஞ்சாங்கிளாஸ். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். விரலை வெச்சு ஒவ்வொரு எழுத்தா வாசிக்கார். 'சா...க்கை... எனக்...குப்... போர்த்தி...' அந்த இடத்துல நிறுத்திட்டார். திரும்பவும் அந்த வரிக்கே போறார். அவர் தோள் குலுங்குது. பிள்ளைக கத்தலை நிறுத்திருச்சுக.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். 'அண்ணே, அது மாதிரிக்கு எழுதினது'ன்னேன். பின்ன என்ன? பாடத்துக்கு எழுதினதை நிஜம்னு நம்பி ஒரு ஆம்பளை ஒம்பதாம் வகுப்புப் பிள்ளைக முன்னால அழுதா எனக்கு அசிங்கமா இருக்காதா? அவர் திரும்பி, 'அந்த மழை உனக்கு இன்னும் ஞாபகம் இருக்காளா?'ன்னார். நான் டஸ்டரை எடுத்து, ஒண்ணும் எழுதாத பக்கமாப் பாத்துக் கரும்பலகையைத் துடைச்சேன். அப்புறம் வாயில வந்ததைக் கேட்டுப்புட்டேன். பிள்ளைக இருக்கு, அதிகாரி இருக்கார், எதுவும் நினைவு இல்லை. 'அம்மா போஸ்டர்ல என் பேரை ஏன் போடலை?'ன்னு கேட்டேன்.

'எந்தப் போஸ்டரு?'ன்னார்.

'அம்மாவுக்கு ஒட்டினது. ஆட்டோ ஸ்டாண்டுக்கெல்லாம் பேர் போட்டீங்க, பெத்த மகளுக்கு இல்லை.'

'அதுக்காகவாளா இத்தனை வருஷம் வராம இருந்தே? அன்னைக்கு எவன் எழுதிக் குடுத்தான், எவன் ஒட்டினான், எனக்கென்ன தெரியும்? நான் அதைக் கண்ணாலயே பாக்கலை. அம்மா போய்க் கிடக்கா, நான் சுவத்தையா பாத்துக்கிட்டு நிப்பேன்?' அப்படின்னார்.

கேட்டியா கதையை? பாக்கவே இல்லையாம். மூத்த மகன், தாய்க்கு அடிக்கிற போஸ்டர், ஒரு தடவை வாங்கிப் பாக்கணுமா இல்லையா? பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாமா? நான் பஸ்ஸை விட்டு இறங்கின உடனே பாத்தேன்ல? வீட்டுக்குக்கூடப் போகாம ரெண்டு தெரு சுத்திப் பாத்தேன்ல? அதைத்தான் அவருக்குச் சொல்லணும்னு வாயைத் திறந்தேன்.

பின்னாலேருந்து படபடன்னு கைதட்டல். அதிகாரி! 'நேரடி அனுபவம் மூலமாக் கற்பித்தல், பிரமாதம் டீச்சர், ஆளையே கூட்டிட்டு வந்து நடிக்க வெச்சுட்டீங்களே'ங்கார். எங்க அண்ணன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். இந்த மாதிரி ஆளுகதான் நாம எழுதின பாடக்குறிப்பு நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லப் போறாங்க. எங்க போய் முட்டிக்கிறது?

மணி அடிச்சதும் வெளிய வந்தோம். 'சோறு இருக்கா?'ன்னார். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையாம், செத்த நாள்ல எப்படிச் சாப்பிடன்னு சிரிக்கார். வராந்தாப் படியில உக்காந்து என் எலுமிச்சம்பழச் சோத்தை ரெண்டு பேரும் தின்னோம். உப்பு பத்தலைன்னார். அம்மா போட்ட அளவுக்கு எனக்கு எப்பவும் போட வராது. போகும்போது அந்தப் போஸ்டரைக் கேட்டு வாங்கி, இதோ உன் சார்ட்டைச் சுருட்டியிருக்கியே, இதே மாதிரி சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுப் போனார். மாலையை என்ன பண்றதுன்னு தெரியாம பள்ளிக்கூட வாசல்ல இருக்கிற பிள்ளையார் சிலைக்குப் போட்டுட்டுப் போயிட்டார்.

அதோட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். விட்டாரா? கடையைப் புதுக் கட்டடத்துக்கு மாத்தறார். அதுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கணும். இந்தத் தடவை தானே போய் உக்காந்து, தன் வாயால சொல்லி, ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுப் பாத்து அடிச்சிருக்கார். 'திறந்து வைப்பவர்: என் ஒரே தங்கை ஆவுடைச்செல்வி.' என் போட்டோ ஆள் உயரத்துக்கு, அதுக்குக் கீழ அந்த வரி செவப்பு எழுத்துல. மதினி பேர் இல்லை, மகன்க பேர் இல்லை. கடை பேரே மூலையில பொடிசாத்தான் இருக்கு. ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டா, 'நீ எனக்கு அப்படித்தானே அடிச்சே'ங்கார்.

மதினி பாத்தா. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டா. 'இத்தனை வருஷம் பொங்கிப் போட்ட எனக்கு அந்த வீட்டுல ஒரு எழுத்து இல்லையா'ன்னு அழுகிறாளாம். எங்க அண்ணன் எனக்கு போன் பண்ணி, 'நீதான் பேசிக் கூட்டிட்டு வரணும்ளா, நான் சொன்னா கேக்க மாட்டா'ன்னார். அந்த மனுஷன் குரலைக் கேட்டா பாவமா இருந்துச்சு. திறப்பு விழாவும் அதுவுமா பொண்டாட்டி இல்லாம எப்படிக் குத்துவிளக்கு ஏத்துவார்?

என்ன பேசணும்னு பாடக்குறிப்பு மாதிரி எழுதியே வெச்சிருக்கேன். உனக்கும் உபயோகப்படும், கேளு. 'மதினி, போஸ்டருங்கிறது ஒரு ஊடகம். மழை வந்தா ஒழுகும், மாடு வந்தா தின்னும். அதுல பேர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அதுல இருக்கிறதா உறவு? ஒரு பேருக்காகக் கோவிச்சுக்கிட்டுப் போய் உக்கார்றதுக்கு நாம என்ன சின்னப் பிள்ளைகளா? பெருந்தன்மை வேண்டாமா?' அப்படின்னு ஒரு பிடி பிடிக்கப் போறேன். என்னம்மா, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்கே? எனக்குத் தெரியும், அவளை நினைச்சா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கெல்லாம் அப்படி ஒரு புத்தி கடவுள் புண்ணியத்துல கிடையாது.

அந்த ஃப்ளெக்ஸையா கேக்கே? போன்ல இருக்கு. பாடத்துக்கு வேணும்னு பிடிச்சு வெச்சேன். இந்தா, பாரு. பெருசு பண்ணு. ரெண்டு விரலை வெச்சு இழுத்தாப் பெருசாகும். இன்னும் கொஞ்சம். என் போட்டோ கிடக்கட்டும், அதை விடு, அதுக்குக் கீழ பாரு. செவப்பு எழுத்து. தெரியுதா? நான் வாசிச்சா நல்லா இருக்காது, நீ வாசி.

பஸ் சத்தத்துல காதுல விழலைம்மா. இன்னொரு தடவை வாசி. கொஞ்சம் சத்தமா.